லவ்கிராஃப்டின் திகிலும் அவருடைய இனவெறியும்: ஒரு வாசகருக்குப் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஹெச்.பி. லவ்கிராஃப்டின் கதைகள் சிலவற்றை வாசித்து அசந்துபோனேன். பிறகு அவருடைய கடிதங்களைப் பற்றிப் படித்தேன். கறுப்பினத்தவர், யூதர், ஆசியர் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது. இனி அவரை ரசிப்பது தப்பா? ஆள் வேறு, எழுத்து வேறு என்று எடுத்துக்கொள்ளலாமா? என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், திகில் கதை என்றால் உயிர். அவளுக்கு இவரைக் கொடுக்கலாமா?"

ரசிப்பது தப்பில்லை. மகளுக்கும் கொடுக்கலாம், எதைக் கொடுப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் ஆள் வேறு எழுத்து வேறு என்ற சமாதானம் இவர் விஷயத்தில் எடுபடாது. லவ்கிராஃப்டின் வெறுப்பும் அவருடைய திகிலும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. தன் ஊருக்குள், தன் வீட்டுக்குள், தன் ரத்தத்துக்குள் அந்நியமான ஏதோ ஒன்று நுழைந்துவிடும் என்ற பயம் அது. அந்தப் பயத்தை அவர் அடுத்த தெருவில் வசித்த மனிதர்கள் மேல் ஏற்றியபோதெல்லாம் கதை கெட்டிருக்கிறது. அதையே பேரண்டத்தின் மேலும் தன் மேலும் திருப்பியபோது இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த திகில் கதைகள் கிடைத்திருக்கின்றன. அதனால்தான், அவருடைய இனவெறியைத் தெரிந்துகொண்டு வாசிப்பவர் அவரை இன்னும் நன்றாக வாசிப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. 1890இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். மூன்று வயது நிறைவதற்குள் தந்தை மனநல மருத்துவமனைக்குப் போய்விட்டார். 1898இல் அங்கேயே இறந்தார். தாயும் 1919இல் அதே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1921இல் இறந்தார். வளர்த்த தாத்தா 1904இல் போனதும் பெரிய வீடும் கையைவிட்டுப் போயிற்று. பழைய ஆங்கிலேய வம்சம் என்ற பெருமையைத் தவிர அவரிடம் மிஞ்சியது கொஞ்சம்தான். அந்தப் பெருமையை அவர் எப்படிக் கட்டிக்காத்தார் என்பதற்கு 1912இல் எழுதிய ஒரு கவிதை சாட்சி. மனிதனையும் விலங்கையும் படைத்த கடவுளர், இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நிரப்பக் கறுப்பினத்தவரைப் படைத்தார்களாம். அதன் தலைப்பையே இங்கே எழுத முடியாது. 1933இல் ஹிட்லரைப் பற்றிக் கிட்டத்தட்டப் பரிவோடு கடிதம் எழுதினார். 1930களில் பொருளாதார விஷயங்களில் வெகுவாக மாறினார். ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை ஆதரித்தார், தன் பழைய பழமைவாதத்தை நினைத்து வெட்கப்பட்டார். ஆனால் கறுப்பினத்தவர் பற்றிய கருத்தில் கடைசிவரை இளகவே இல்லை. 1937இல், 46 வயதில், குடல் புற்றுநோயால் இறந்தார்.

"அந்தக் காலத்து மனுஷன், அப்படித்தான் இருந்திருப்பார்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். இதில் பாதி உண்மை. 1920களின் அமெரிக்கா இனவாதத்தில் ஊறிக் கிடந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபியரான பகத் சிங் திந்த், வெள்ளையர் அல்லர் என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே வந்த குடியேற்றச் சட்டம் தெற்கு ஐரோப்பியரையும் கிழக்கு ஐரோப்பியரையும் வடிகட்டியது, ஆசியர்களுக்குக் கதவை ஏறக்குறைய முழுதாகவே மூடியது. உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பேசுவது அன்று அறிவியலின் பெயரால் நடந்தது. லவ்கிராஃப்ட் இந்தக் காற்றைச் சுவாசித்தவர்தான்.

மீதிப் பாதியைப் பலரும் சொல்வதில்லை. அதே காற்றைச் சுவாசித்த வேறு மனிதர்கள் அவருக்கு மிக அருகிலேயே இருந்தார்கள். 1915இல் அவர் ஒரு சிறு இதழ் நடத்தினார். அதில் வந்த இன வெறுப்பைப் படித்துவிட்டு, சார்லஸ் ஐசக்சன் என்ற யூத எழுத்தாளர் தன் இதழில் வெளிப்படையாகக் கண்டித்தார். ஜேம்ஸ் மார்ட்டன் என்பவரும் சேர்ந்துகொண்டு வெளுத்து வாங்கினார். மார்ட்டன் வெள்ளைக்காரர், இன வெறுப்பை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதியவர், கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909இல் தொடங்கப்பட்ட சங்கத்தில் பங்கெடுத்தவர். இருவரும் கண்டித்த அந்த எழுத்தில் லவ்கிராஃப்ட், வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானைப் பாராட்டியிருந்தார்! இதே மார்ட்டன் பிற்காலத்தில் அவருக்கு நெருங்கிய நண்பரானார். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911இலேயே இன ஏற்றத்தாழ்வுக் கொள்கையை மறுத்துப் புத்தகம் வெளியிட்டிருந்தார். அறிவியல் செய்திகளைத் தேடித் தேடிப் படித்த லவ்கிராஃப்டுக்கு மாற்றுக் கருத்து இருப்பது தெரியாமல் இல்லை. காதில் விழுந்தது, ஏற்றுக்கொள்ளவில்லை. காலத்தின் மேல் முழுப் பழியையும் போட்டால் ஐசக்சனையும் மார்ட்டனையும் வரலாற்றிலிருந்து அழித்தவர்களாவோம்.

இன்னொரு சாட்சி அவருடைய மனைவி. 1924 மார்ச்சில் சோனியா கிரீன் என்பவரை மணந்து நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறினார். சோனியா, உக்ரைனில் பிறந்த யூதப் பெண். நியூயார்க்கில் பல இன மக்கள் கலந்த கூட்டத்தைப் பார்த்தாலே கணவருக்கு ஆத்திரம் தலைக்கேறும் என்று பிற்காலத்தில் எழுதினார். "நானும் அவர்களில் ஒருத்திதானே" என்று அவர் நினைவுபடுத்த வேண்டியிருந்திருக்கிறது. சாமுவேல் லவ்மன் என்ற யூதக் கவிஞர் லவ்கிராஃப்டுக்கு நெடுநாள் நண்பர். தன் இனத்தைப் பற்றி நண்பர் மற்றவர்களுக்கு என்ன எழுதினார் என்பது மிகவும் பிந்தித்தான் லவ்மனுக்குத் தெரியவந்தது. கையிலிருந்த லவ்கிராஃப்ட் கடிதங்களை எரித்துவிட்டார். இந்த இருவரின் வலியை நான் எந்தக் கதையையும் விடக் குறைவாக மதிக்கத் தயாரில்லை.

இனி கதைகளுக்கு வருவோம். நியூயார்க்கில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சோனியா பிழைப்புக்காக வேறு ஊர் போனார். கிளின்டன் தெருவில் ஓர் அறையில் தனியாக இருந்தபோது, 1925 மே மாதம், திருடர்கள் புகுந்து உடைகளை வாரிக்கொண்டு போனார்கள். அந்த ஆகஸ்டில் இரண்டே நாளில் எழுதிய கதைதான் 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்'. துறைமுகத்தை ஒட்டிய குடியேறிகளின் பகுதி. சிரியர், இத்தாலியர், ஸ்பானியர், கறுப்பினத்தவர் நெருக்கியடித்து வாழும் தெருக்கள். அங்கே நிலத்தடியில் சாத்தானிய வழிபாடு நடப்பதை ஓர் ஐரிஷ் துப்பறிவாளர் காண்கிறார். கதை இவ்வளவுதான்.

இது ஏன் மோசமான கதை? ஒழுக்கக் காரணத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவிட்டுத் தொழில்முறையாகப் பார்ப்போம். திகில் கதை எழுதுபவர் பயத்தைப் படிப்படியாக உண்டாக்க வேண்டும். ஏதோ சரியில்லை என்ற சிறு குறிப்பு, அதற்கு ஓர் இயல்பான விளக்கம், அந்த விளக்கம் உடைதல், பிறகு ஒளிய இடமில்லாமல் போதல். இதையெல்லாம் லவ்கிராஃப்டைவிட நன்றாக அறிந்தவர் குறைவு; திகில் இலக்கியத்தின் வரலாறு பற்றி அவர் 1927இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இன்றும் வாசிக்கத் தக்கது. ஆனால் 'ரெட் ஹூக்'கில் அவர் இந்த உழைப்பு எதையும் செய்யவில்லை. கறுத்த முகங்களையும் புரியாத மொழிகளையும் வரிசையாக எழுதினால் போதும், வாசகர் தானே நடுங்கிவிடுவார் என்று எடுத்துக்கொண்டார். தன் அருவருப்பு எல்லோருக்கும் பொது என்று அவர் நினைத்ததால் அதை உண்டாக்கிக் காட்ட வேண்டிய தேவையே அவருக்குத் தெரியவில்லை. யசீதிகள் என்ற உண்மையான சிறுபான்மைச் சமூகத்தைப் பேய் வழிபடுவோர் என்று அந்தக் கதை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறது. அதே அவதூறுதான் அந்த மக்களைப் பல நூற்றாண்டுகளாகக் கொன்றிருக்கிறது. 2014இல் இராக்கில் நடந்த படுகொலைக்கும் அதுவே சாக்காக இருந்தது. லவ்கிராஃப்டே ஒரு கடிதத்தில், கதை நீண்டு அலைகிறது, நன்றாக வந்ததாகத் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பிரெஞ்சு எழுத்தாளர் மிஷெல் வெல்பெக் 1991இல் லவ்கிராஃப்ட் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நியூயார்க்கில் பொங்கிய இன வெறுப்புதான் அவருடைய உச்சப் படைப்புகளுக்கு எரிபொருள் என்பது அதன் வாதங்களில் ஒன்று. கூர்மையான நூல்தான். ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. வெறுப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது வந்தது 'ரெட் ஹூக்'. பெரிய கதைகள் வந்தது, 1926 ஏப்ரலில் அவர் பிராவிடன்ஸ் திரும்பி, மூச்சு சீரான பிறகு. அந்தக் கோடையில் 'தி கால் ஆஃப் க்துல்ஹு', 1927 மார்ச்சில் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்'. வெறுப்பு தணிந்துவிட்டது என்று சொல்லவில்லை. பயத்தின் இலக்கு மாறிவிட்டது.

'க்துல்ஹு' இந்த மாற்றம் பாதியில் நிற்கும் கதை. கடலடியில் உறங்கும் மாபெரும் உயிர்; மனித குலம் அதன் கணக்கிலேயே இல்லை. இந்த எண்ணம் அசாத்தியமானது. ஆனால் அந்த உயிரின் கனவு வெள்ளைக்காரச் சிற்பிக்கு வந்தால் அது கலைஞனின் நுண்ணுணர்வு, லூயிசியானாச் சதுப்பு நிலத்துக் கலப்பின மக்களுக்கு வந்தால் நரபலிக் கூட்டம். ஒரே கனவுக்கு இரண்டு அளவுகோல். கதையின் மிகச் சிறந்த பக்கத்துக்கும் மிகக் கேவலமான பக்கத்துக்கும் இடையே ஒரு தாள்தான் தூரம்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் ஒரு கொசுறுச் செய்தி உண்டு. ஸ்காட் எலியட் என்ற தியாசபிக்காரர் (பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்) அட்லாண்டிஸ், லெமூரியா பற்றி எழுதிய நூலின் பெயர் கதையின் தொடக்கத்திலேயே வருகிறது. லெமூரியா என்பது 1864இல் ஒரு விலங்கியலாளர் முன்வைத்த ஊகம். அதைத் தியாசபிக்காரர்கள் எடுத்து மறைந்த இனங்களின் கண்டமாக்கினார்கள். நம்மவர்கள் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துத் தாயகமாக்கிக்கொண்டார்கள். லவ்கிராஃப்டுக்குத் தியாசபியில் துளியும் நம்பிக்கை இல்லை. மூழ்கிய நிலத்தில் திகில் குடியிருக்கும் என்பதற்கு ஒரு கச்சாப் பொருளாக மட்டும் அதைப் பயன்படுத்தினார்.

'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' 1927 செப்டம்பரில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் வந்தது. சன்மானம் வெறும் 25 டாலர். 1882இல் ஒரு விவசாயியின் கிணற்றடியில் விண்கல் விழுகிறது. அதற்குள் இருக்கும் நிறம் நமக்குத் தெரிந்த எந்த நிறமும் இல்லை. அந்த ஆண்டு பழங்கள் பெரிதாகக் காய்க்கின்றன, பளபளக்கின்றன, வாயில் வைத்தால் கசக்கின்றன. காற்றில்லாத இரவில் மரக்கிளைகள் அசைகின்றன. மாடுகள் சாம்பல் பூத்து நொறுங்குகின்றன. மனைவிக்குப் புத்தி பேதலிக்கிறது. நேஹம் கார்ட்னர் அவளை மேல்மாடத்தில் பூட்டி வைக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக இல்லாமல் போகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தும் அந்தக் குடும்பம் அதையே குடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடம்தான் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. வந்தது கெட்டதா நல்லதா என்று கேட்கவே வழியில்லை. அதற்கு நம்மேல் பகையும் கிடையாது. வெறுப்பதற்கு எந்த முகமும் இல்லாத இந்தக் கதையில் லவ்கிராஃப்ட் தன் முழுத் திறமையையும் பயன்படுத்த வேண்டியிருந்தது, பயன்படுத்தினார். தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்ட ஊர்க்காரர் எவரும் இதை வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டார்.

1931இல் எழுதிய 'அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' இன்னும் சிக்கலானது. அன்டார்க்டிகாவின் பனிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் உறைந்து கிடந்த உயிர்களை ஆய்வாளர்கள் தோண்டி எடுக்கிறார்கள். நட்சத்திர வடிவத் தலை, பீப்பாய் போன்ற உடல். அவை விழித்தெழுந்து முகாமிலிருந்த மனிதர்களைக் கொன்று அறுத்துப் பார்க்கின்றன. கதைசொல்லி அவற்றின் பாழடைந்த நகரத்தில் சுவர்ச் சிற்பங்களைப் படித்துக்கொண்டே போகிறார். முடிவில் அவருக்கு உறைக்கிறது: நாம் அவற்றை அறுத்துப் பார்த்தோம், அவை நம்மை அறுத்துப் பார்த்தன, அவையும் அறிவைத் தேடியவை, அவையும் மனிதர்களே. திகில் இலக்கியத்தில் இதைவிடப் பெருந்தன்மையான திருப்பம் குறைவு. ஆனால் அவற்றைக் கடைசியில் அழித்தது யார்? அவை வேலைக்காக உருவாக்கி, பிறகு கிளர்ந்தெழுந்த ஷாக்கத்துகள் என்ற அடிமைகள். கதையின் இரக்கம் முழுவதும் எசமானர்களுக்கு, திகில் முழுவதும் அடிமைகளுக்கு. பீப்பாய் உடம்புக்குக் கொடுக்க முடிந்த மனிதத் தகுதியை புரூக்ளின் துறைமுகத்து மாலுமிக்கு அவரால் கொடுக்க முடியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் அந்தக் கதை எனக்குச் சிறுத்துப்போவதில்லை, வலிக்கிறது.

அதே 1931இன் இறுதியில் எழுதிய 'தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்' அவர் உயிரோடிருந்தபோது தனி நூலாக வந்த ஒரே கதை. 1936இல் வந்த பதிப்பில் கட்டடம் செய்யப்பட்டவை ஏறத்தாழ 200 பிரதிகள். கடல்வாழ் உயிர்களோடு மணவுறவு கொண்ட ஒரு துறைமுக ஊர். கதையின் ஆரம்பத்தில் ரயில் நிலையச் சீட்டு விற்பவர், அந்த ஊர்க்காரர்கள் மீது மற்றவர்களுக்கு இருப்பது வெறும் இன வெறுப்புதான் என்று பெயர் சொல்லியே பேசுகிறார். அப்படி வெறுப்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன் என்கிறார். இனக்கலப்பு பற்றிய அருவருப்பு பக்கத்துக்குப் பக்கம் வழிகிறது. ஆனால் முடிவில், தப்பி ஓடிவந்த கதைசொல்லி தன் பாட்டியின் வம்சத்தைத் தேடும்போது, தானும் அவர்களில் ஒருவன் என்று கண்டுகொள்கிறான். முகம் மாறத் தொடங்குகிறது. முதலில் சாக நினைக்கிறான். பிறகு கடல் அவனை அழைக்கிறது. அந்த அழைப்பு அவனுக்குப் பயமாக இல்லை, ஆனந்தமாக இருக்கிறது. தாயும் தந்தையும் ஒரே மனநல மருத்துவமனையில் இறந்த ஒருவர், தன் ரத்தத்துக்குள் என்ன காத்திருக்கிறதோ என்று வாழ்நாளெல்லாம் அஞ்சிய ஒருவர் எழுதியது இது. அவருடைய வெறுப்பின் அடியில் என்ன இருந்தது என்பதை எந்த வாழ்க்கை வரலாற்றையும்விட இந்தக் கடைசிப் பக்கங்கள் தெளிவாகச் சொல்கின்றன. அவர் மனத்தால் போக முடியாத இடத்துக்குக் கதை போய்விட்டது.

வாசிப்பதும் வணங்குவதும் வேறு வேறு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உலக மிகுபுனைவு விருது. 1975 முதல் அந்த விருது லவ்கிராஃப்டின் தலைச்சிலையாகவே வழங்கப்பட்டது. 2011இல் சிறந்த நாவலுக்காக அதைப் பெற்றவர் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த நெடி ஒகோராஃபோர். விருது வந்த பிறகு ஒரு நண்பர் அந்த 1912ஆம் ஆண்டுக் கவிதையைக் காட்டினார். தன்னை மனித இனத்திலேயே சேர்க்காதவரின் தலையை வீட்டில் எங்கே வைப்பது என்ற குழப்பத்தை அவர் வெளிப்படையாக எழுதினார். அதே விருதைப் பெற்ற சைனா மியேவில், தன்னிடமுள்ள சிலையைச் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருப்பதாகவும், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவதாகவும் சொன்னார். 2014இல் சிலையை மாற்றக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2015இல் அந்தச் சிலை கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எஸ்.டி. ஜோஷி, புனேயில் பிறந்தவர், லவ்கிராஃப்ட் ஆய்வுக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். கோபத்தில், தான் பெற்ற விருதுகளைத் திருப்பி அனுப்பினார். ஜோஷி இல்லாமல் நமக்கு நம்பகமான மூலப் பிரதிகளே கிடைத்திருக்காது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் இதில் அவர் செய்தது சரியென்று எனக்குப் படவில்லை. சிலை போனதால் ஒரு கதையும் அச்சிலிருந்து போகவில்லை. ஒருவரை வாசிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அவர் தலையைப் பரிசாக ஏற்றுக்கொண்டு புன்னகைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அவருக்கு மிகச் சிறந்த பதில் கதைகளாகவே வந்தது. விக்டர் லாவெல் என்ற கறுப்பின எழுத்தாளர் சிறு வயதிலிருந்தே லவ்கிராஃப்டை நேசித்தவர். 2016இல் 'ரெட் ஹூக்' கதையையே எடுத்து, ஹார்லெமில் வாழும் ஒரு கறுப்பின இளைஞனின் கண்ணால் திரும்ப எழுதினார். 'தி பேலட் ஆஃப் பிளாக் டாம்' என்ற அந்தக் குறுநாவலை, தன் முரண்பட்ட உணர்வுகள் அனைத்தோடும் லவ்கிராஃப்டுக்கே சமர்ப்பித்திருக்கிறார். மூலக்கதையில் இல்லாத உழைப்பு இதில் இருக்கிறது. ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டும் சத்தத்துக்கு முன்னால் கடலடிக் கடவுளர்கள் ஒன்றுமில்லை என்று நினைக்க வைத்துவிடுகிறார். ரூத்தானா எம்ரிஸ் என்ற எழுத்தாளர், இன்ஸ்மவுத் மக்களை அரசு பிடித்து முகாம்களில் அடைப்பதாக மூலக்கதையில் வரும் வரிகளைப் பிடித்துக்கொண்டு, அந்த முகாமிலிருந்து உயிர் தப்பிய பெண்ணை நாயகியாக்கி எழுதினார். 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம்களும் அந்தக் கதைக்குள் வருகின்றன.

உங்கள் மகளுக்கு 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' முதலில். அதற்கு எந்த முன்னுரையும் வேண்டாம், ஒரு மழை இரவு போதும். பிடித்திருந்தால் 'மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்'. முதல் பகுதி நிலவியல் விவரங்களால் மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'இன்ஸ்மவுத்' கொடுப்பதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர், அவருடைய பெற்றோருக்கு என்ன நேர்ந்தது, 1924இல் அமெரிக்கா என்ன சட்டம் போட்டது என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள். பதினாறு வயதுக்கு அது புரியும். மறைத்து வைத்து அவளே கண்டுபிடிக்கும்போதுதான் ஏமாற்றப்பட்டதாக உணர்வாள். 'தி ராட்ஸ் இன் தி வால்ஸ்' அருமையான கதை, ஆனால் அதில் வரும் பூனையின் பெயர் ஒரு கொடிய வசைச்சொல். லவ்கிராஃப்ட் சிறுவயதில் வளர்த்த பூனைக்கு வைத்திருந்த பெயரும் அதுவே. அந்தக் கதையை வாசிக்க அவள் உட்காரும்போது பக்கத்தில் இருங்கள். 'ரெட் ஹூக்'கைத் தனியாகக் கொடுக்க வேண்டாம். லாவெல்லின் குறுநாவலைச் சேர்த்துக் கொடுங்கள், இரண்டையும் ஒரே வாரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள், எது அதிகம் பயமுறுத்தியது, ஏன் என்று கேளுங்கள்.